சர்வர் அறையின் சாவி



அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகம். 1990களின் நடுப்பகுதி. வளாகத்தின் மின்னஞ்சல் அமைப்பைக் கவனித்துவந்தவர் ட்ரே ஹாரிஸ். ஒரு நாள் புள்ளியியல் துறைத் தலைவர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, தங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு அப்பால் மின்னஞ்சல் போவதில்லை என்று புகார் சொன்னார். ஹாரிஸால் நம்ப முடியவில்லை. மின்னஞ்சல் தூரம் பார்த்தா போகும்? ஆனால் புகார் சொன்னவர்கள் புள்ளியியல்காரர்கள். சில நாட்கள் பொறுத்திருந்து, போதுமான தரவு திரட்டி, எந்த ஊர்வரை அஞ்சல் போய்ச் சேர்கிறது என்று வரைபடமே போட்டு வைத்திருந்தார்கள்.

ஹாரிஸ் தாமே சோதித்துப் பார்த்தார். ரிச்மண்ட், அட்லாண்டா, வாஷிங்டன் மூன்றுக்கும் போயிற்று. 400 மைல் தொலைவிலுள்ள பிரின்ஸ்டனுக்குப் போயிற்று; 600 மைல் தொலைவிலுள்ள மெம்ஃபிஸுக்குப் போகவில்லை. நியூயார்க் 420 மைல், போயிற்று. பிராவிடன்ஸ் 580 மைல், போகவில்லை. வட கரோலினாவிலேயே குடியிருந்த ஒரு நண்பருக்கு அனுப்பினார், அதுவும் போகவில்லை. விசாரித்தால், அந்த நண்பரின் மின்னஞ்சல் சர்வர் நாட்டின் மறுகோடியில், சியாட்டிலில் இருந்தது.

காரணம் இதுதான். ஓர் ஆலோசகர் வந்து புள்ளியியல் துறைச் சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பித்துவிட்டுப் போயிருந்தார். புதுப்பித்ததில், சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருள் எட்டாம் பதிப்பிலிருந்து ஐந்தாம் பதிப்புக்கு இறங்கிவிட்டது. அமைவுக் கோப்பு மட்டும் எட்டாம் பதிப்புக்கு எழுதிய பழையதாகவே இருந்தது. தனக்குப் புரியாத வரிகளை ஐந்தாம் பதிப்பு ஒதுக்கித் தள்ளியது. மறுமுனைச் சர்வரின் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற மதிப்பு அதனால் பூஜ்யமாகிவிட்டது. அந்தக் கணினியில் பூஜ்யம் என்பது நடைமுறையில் 3 மில்லிவினாடிக்குச் சற்று மேல். 3 மில்லிவினாடியில் ஒளி எவ்வளவு தூரம் போகும் என்று ஹாரிஸ் கணக்குப் போட்டார். 558 மைலுக்கும் சற்று அதிகம் என்று விடை வந்தது. 2002இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். கதையோட்டத்துக்காகச் சில சிறு விவரங்களை மாற்றியிருப்பதாகவும் அவரே சொல்லியிருக்கிறார்.

இந்தப் புதிரை அவிழ்க்க என்னவெல்லாம் தேவைப்பட்டன என்று பாருங்கள். ஒளியின் வேகம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு சர்வர்கள் எப்படிக் கைகுலுக்கித் தொடர்பைத் தொடங்குகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த வளாகத்தில் இடையில் தாமதப்படுத்தும் ரூட்டர்கள் இல்லை என்ற உள்ளூர் விவரம் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம்ப முடியாத புகாரைச் சொன்ன மனிதரை மதித்துச் சோதித்துப் பார்க்கும் குணம் வேண்டும். இயற்பியலும் மென்பொருளும் ஊர் விவரமும் மனித உறவும் இப்படி ஒரே மேசைக்கு வந்து சேரும் படிப்புகள் குறைவு. நெட்வொர்க், சிஸ்டம் நிர்வாகத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்பதைப் பற்றிப் பேசும்போது, இப்படிப்பட்ட ஒருவரை உருவாக்குவதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

நீண்ட காலம் இந்த வேலைக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. வேறு எதையோ படித்தவர்கள் தற்செயலாக வந்து சேர்ந்தார்கள். கிளிஃபோர்ட் ஸ்டோல் ஒரு வானியலாளர். 1986இல் ஆய்வுக்கான பணம் தீர்ந்துபோக, கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் அவரைக் கணினி மையத்துக்கு மாற்றியது. கணினி நேரத்துக்கான கட்டணக் கணக்கில் 75 சென்ட் இடிக்கிறது, என்னவென்று பாருங்கள் என்று அவரிடம் ஒப்படைத்தார்கள். அந்த 75 சென்ட்டைத் துரத்திக்கொண்டு போன ஸ்டோல், ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் புகுந்து, கிடைத்ததை சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக்கொண்டிருந்த மார்கஸ் ஹெஸ் வரை போய்ச் சேர்ந்தார். நட்சத்திரங்களை நோக்கியவருக்குக் கைவந்த ஒரு பழக்கம் இங்கே உதவியது: பார்த்த எதையும் நாட்குறிப்பில் எழுதி வைப்பது. இன்றும் நல்ல நிர்வாகியின் முதல் கருவி அதுதான்.

தற்செயலை விட்டுவிட்டுத் திட்டமிட்டுக் கற்பித்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஈவி நெமத். 1940இல் பிறந்தவர், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1971இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1980இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்துக்குக் கணினியியல் ஆசிரியராக வந்தார். சில ஆண்டுகள் கல்லூரியின் கணினி மையத்தையும் அவரே நிர்வகித்தார். அங்கே அவர் செய்தது அந்தக் காலத்தில் பலரும் தயங்கிய காரியம். இளநிலை மாணவர்களை, இன்னும் பட்டம் வாங்காத பிள்ளைகளை, ஓடிக்கொண்டிருக்கும் யூனிக்ஸ் கணினிகளின் பொறுப்பில் உட்காரவைத்தார். பேராசிரியர்களின் கோப்புகளும் சக மாணவர்களின் வேலைகளும் இருந்த அதே கணினிகள்.

1989இல் அவர் பெயரில் வெளிவந்த யூனிக்ஸ் நிர்வாகக் கையேட்டின் அட்டையைப் பார்த்தால் இந்தக் கல்விமுறையின் விளைவு தெரியும். உடன் எழுதிய கார்த் ஸ்னைடர், ஸ்காட் சீபாஸ் ஆகியோர் அவருடைய மாணவர் வட்டத்திலிருந்து வந்தவர்கள். பின்னாளில் ட்ரென்ட் ஹைனும் சேர்ந்துகொண்டார். அந்த நூல் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து, 2017இல் ஐந்தாம் பதிப்பு கண்டது. அதைப் பார்க்க நெமத் இல்லை. ஓய்வுக்குப் பிறகு படகில் உலகைச் சுற்றிவந்த அவர், 2013இல் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய நினா என்ற பாய்மரக் கப்பலில் இருந்த ஏழு பேரில் ஒருவர். டாஸ்மன் கடலில் அந்தக் கப்பல் காணாமல் போனது. லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் உலகெங்கும் இன்றும் அந்தக் கையேட்டைப் புரட்டுகிறார்கள்.

மருத்துவமனை இல்லாத மருத்துவக் கல்லூரிக்கு இந்தியாவில் அங்கீகாரம் கிடையாது. நோயாளியைத் தொடாமல் மருத்துவராக முடியாது என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். சிஸ்டம் நிர்வாகத்துக்கும் அதே நியாயம் பொருந்தும் என்பதுதான் இந்தச் சொற்பொழிவின் வாதம். பல்கலைக்கழகத்தின் சொந்த நெட்வொர்க்கே அந்தப் பாடத்தின் மருத்துவமனை. உண்மையான பயனர்கள், உண்மையான பழுது, நள்ளிரவில் வரும் உண்மையான அழைப்பு இவை மூன்றும் இல்லாத ஆய்வகத்தில் கட்டளைகளைக் கற்கலாம், பொறுப்பைக் கற்க முடியாது.

நம் ஊர்ப் பாடத்திட்டத்தைக் குறைத்துப் பேசத் தேவையில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் நெட்வொர்க் ஆய்வகத்தின் தொடக்கப் பயிற்சியே டிசிபிடம்ப், நெட்ஸ்டாட், ட்ரேஸ்ரூட் போன்ற கட்டளைகளைப் பழகுவதுதான். சாக்கெட் நிரல் எழுதுவதும், நெரிசல் கட்டுப்பாட்டு முறைகளை என்எஸ் என்ற உருவகப்படுத்தியில் ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. நல்ல தொடக்கம். குறை வேறிடத்தில் இருக்கிறது. உருவகப்படுத்தியில் ஒரு ரூட்டர் செத்தால் யாரும் கோபப்படுவதில்லை. எவருடைய தேர்வு முடிவும் தாமதமாவதில்லை. அதே கல்லூரியின் சர்வர் அறைக்கு மாணவர் உள்ளே போக முடியாது. அறையின் சாவி ஓர் ஊழியரிடமோ ஒப்பந்த நிறுவனத்திடமோ இருக்கும்.

கோட்பாடு வேண்டாம் என்று யாரும் இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. மேலே சொன்ன நெரிசல் கட்டுப்பாடே ஒரு வளாகப் பழுதிலிருந்து பிறந்ததுதான். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு திடீரென்று படுத்துவிட்டது. இரண்டுக்கும் இடையே 400 கஜம்தான் தூரம். வினாடிக்கு 32,000 பிட் போக வேண்டிய பாதையில் 40 பிட் போய்க்கொண்டிருந்தது. கம்பி அறுபடவில்லை, கருவி எதுவும் கெடவில்லை. வான் ஜேக்கப்சன் ஏன் இப்படி ஆனது என்று தோண்டினார். தாமதமான பாக்கெட்டைத் தொலைந்ததாக எண்ணி ஒவ்வொரு கணினியும் மறுபடி மறுபடி அனுப்ப, பாதை முழுவதும் ஒரே செய்தியின் நகல்களால் அடைபட்டிருந்தது. மெதுவாகத் தொடங்கி, பதில் வர வர வேகம் கூட்டி, இழப்பு தெரிந்ததும் சட்டென்று குறைக்கும் முறையை அவர் வகுத்து 1988இல் கட்டுரையாக வெளியிட்டார். இன்று கைப்பேசியில் படம் பார்க்கும்போதும் தரவை அனுப்பும் விதிமுறைகளுக்குள் அந்தச் சிந்தனையின் வழித்தோன்றல்கள்தான் வேலை செய்கின்றன. பழுதுக்கு அருகில் இருந்தவருக்குக் கணக்கும் தெரிந்திருந்ததால் நடந்தது இது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்று விட்டிருந்தால் உலகம் அந்தக் கட்டுரையை இழந்திருக்கும்.

இதே சேர்க்கையை நார்வேயில் மார்க் பர்ஜெஸிடம் பார்க்கலாம். இங்கிலாந்தில் பிறந்த கோட்பாட்டு இயற்பியலாளர். 1993இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டே துறையின் யூனிக்ஸ் கணினிகளையும் பராமரித்தார். அங்கே பல நிறுவனங்களின் யூனிக்ஸ், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அலுத்துப்போனவர், சிஎஃப்எஞ்சின் என்ற மென்பொருளை எழுதினார். அதுவரை நிர்வாகிகள் கணினிக்கு வேலையைப் படிப்படியாகச் சொன்னார்கள்: இந்தக் கோப்பை நகலெடு, அந்த வரியைச் சேர், இதை ஓடவிடு. இடையில் ஒரு படி தவறினால் கணினி அரைகுறை நிலையில் நிற்கும். திரும்ப ஓட்டினால் ஒரே வரி இரண்டு முறை சேரும். பர்ஜெஸ் முறையைத் திருப்பிப் போட்டார். கணினி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். அந்த நிலையிலிருந்து விலகியிருந்தால் மென்பொருள் சரிசெய்யும், விலகாவிட்டால் எதையும் தொடாது. நூறு முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றே. பின்னால் வந்த பப்பெட், செஃப், ஆன்சிபிள் எல்லாம் இந்தப் பாதையில் நடந்தவைதான். உடல் தன் நோயைத் தானே கண்டு சரிசெய்வதுபோல் கணினிக்கும் ஒரு நோயெதிர்ப்பு அமைப்பு வேண்டும் என்று 1998இல் அவர் கட்டுரை எழுதினார். 2000இல் இந்தத் துறைக்கான கல்லூரிப் பாடநூலை வெளியிட்டார். ஒஸ்லோ பல்கலைக்கழகக் கல்லூரியில் நெட்வொர்க், சிஸ்டம் நிர்வாகத்துக்கென்றே முதுநிலைப் பட்டம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இதே துறையில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்பு இன்னொரு நல்ல மாதிரி. ஓராண்டுப் படிப்பு. அந்த ஓராண்டுக்குள் மாணவர்கள் ஏறக்குறைய ஒரு மாதம் நீளும் ஆய்வுத் திட்டங்கள் இரண்டைச் செய்கிறார்கள்; கேள்விகள் பெரும்பாலும் நிறுவனங்களும் ஆய்வகங்களும் நிஜமாகவே எதிர்கொள்பவை. அறிக்கைகள் பொதுவில் வெளியாகின்றன. இருபத்து மூன்று வயதில் எழுதியது உலகம் முழுக்கப் படிக்கக் கிடைக்கும் என்று தெரிந்தால், சோதனையை இரண்டாம் முறையும் செய்து பார்க்காமல் எந்த மாணவரும் எழுத மாட்டார்.

இனி சாவியைக் கொடுப்பதிலுள்ள அச்சத்துக்கு வருவோம். அது நியாயமான அச்சம். 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் மோரிஸ், எம்ஐடியின் கணினி ஒன்றிலிருந்து ஒரு நிரலை இணையத்தில் விட்டார். சென்ட்மெயிலின் ஒரு பழுது, ஃபிங்கர் சேவையின் ஒரு பழுது, கணினிகள் ஒன்றையொன்று கண்மூடி நம்பும் வழக்கம், எளிதில் யூகிக்கக்கூடிய கடவுச்சொற்கள் ஆகிய நான்கையும் பிடித்துக்கொண்டு அது பரவியது. தன்னோடு கொண்டுசென்ற 432 சொற்களைக் கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்த்தது. அன்று இணையத்தில் இருந்தவை சுமார் 60,000 கணினிகள். அவற்றில் 6,000 வரை முடங்கியிருக்கலாம் என்பது அக்கால மதிப்பீடு. நிரலைப் பிரித்துப் படித்து மருந்து கண்டவர்களும் பெர்க்லியிலும் எம்ஐடியிலும் கண்விழித்திருந்த பல்கலைக்கழகக்காரர்களே. மோரிஸுக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூக சேவையும் அபராதமும் தண்டனையாகக் கிடைத்தன. அந்த நிகழ்வைத் தொடர்ந்து கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசரநிலைக் குழு ஒன்று தொடங்கப்பட்டது.

திறமையான மாணவர் கையில் அதிகாரம் இருந்தால் ஆபத்து என்று இதிலிருந்து முடிவுகட்டுவது சுலபம். ஆனால் மோரிஸுக்கு யாரும் சர்வர் பொறுப்பைக் கொடுத்திருக்கவில்லை. தனியாக இருந்து செய்த காரியம் அது. பொறுப்போடு அதிகாரம் பெறும் மாணவர் வேறு சூழலில் வளர்கிறார். ரூட் அதிகாரம் உள்ளவரால் எந்த ஆசிரியரின் அஞ்சலையும் திறக்க முடியும், எந்த மாணவியின் படத்தையும் பார்க்க முடியும். பார்க்கக் கூடாது என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு, என்ன செய்தோம் என்பது லாகில் பதிவாகும் என்று தெரிந்து, மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேலை செய்யும்போது அறம் பழக்கமாகிறது. இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கற்பிக்க முடியாது.

கற்பிப்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: பேக்கப். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், சூப்பர்கணினியின் சேமிப்பகத்திலிருந்து சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவு, ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், அழிந்துபோயின. அழித்தது பேக்கப் ஸ்கிரிப்ட்தான். பழைய லாக் கோப்புகளை நீக்கும் வேலையும் செய்த அந்த ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் மேல் புதிய பதிப்பை எழுதிவிட்டார்கள். பாஷ் ஷெல் ஸ்கிரிப்டை முழுதாக வாசித்துக்கொண்டு தொடங்குவதில்லை, ஓட ஓட வாசிக்கும். பாதி வழியில் புதிய வரிகளைப் படித்த அது, இன்னும் மதிப்பு தரப்படாத மாறியைக் கொண்டு நீக்கக் கட்டளையை ஓட்டியது. லாக் அடைவு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்ததால், ஆய்வாளர்களின் கோப்புகளுக்குள் போய்விட்டது. பதினான்கு ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. நான்கு குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. அந்த ஸ்கிரிப்டை மாற்றிய நிறுவனம் பொறுப்பேற்று, காரணத்தை விளக்கி அறிக்கை வெளியிட்டது. எந்த ஷெல் பாடத்திலும் முதல் வாரத்தில் படிக்க வேண்டிய அறிக்கை அது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததும் அதற்கு இணையானது. களைத்துப்போன பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தள அடைவை நீக்கத் தொடங்கிவிட்டார். உடனே நிறுத்தினார். ஆனால் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்தான் மிச்சம். பேக்கப் இருக்கிறதே என்று தேடினார்கள். தினமும் ஓட வேண்டிய பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் வேலையே செய்யவில்லை. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் பெறும் சர்வரால் நிராகரிக்கப்பட்டு, யார் கண்ணிலும் படாமலே போயிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் அதே பொறியாளர் வேறு காரணத்துக்காகக் கையால் எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. நிறுவனம் மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. முழு வரலாற்றையும் எழுதி வெளியிட்டது. தவறியவரைத் தண்டிக்காமல், தவற இடம் கொடுத்த ஏற்பாட்டைத் திருத்தும் அந்த அறிக்கை எழுதும் முறையை மாணவர்கள் கல்லூரியிலேயே பழக வேண்டும். அதைத் தமிழிலும் எழுதலாம். உண்மையில் அப்படித்தான் தொடங்க வேண்டும்; தடுமாறும் ஆங்கிலத்தில் எழுதும்போது பாதி உண்மை மொழியிலேயே சிக்கிக்கொள்கிறது.

எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டதே, இனி இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் 2021 அக்டோபர் 4ஐப் பார்க்கட்டும். ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கில், பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளைகளைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் பழுது இருந்ததால் அது தடுக்கவில்லை. தரவு மையங்களோடு தொடர்பு அற்றுப்போனதைக் கண்ட டிஎன்எஸ் சர்வர்கள், தாங்கள் இருக்கும் பாதையை பிஜிபி வழியாக உலகுக்கு அறிவிப்பதை நிறுத்திக்கொண்டன. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போயின. உள்ளே போய்ச் சரிசெய்யக் கிளம்பிய பொறியாளர்களுக்கு வழக்கமான உள்கருவிகளும் வேலை செய்யவில்லை. டிஎன்எஸ், ரூட்டிங், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கன்சோல் கேபிள்: நெமத்தின் மாணவர்கள் 1980களில் கற்றவையே அன்றும் தேவைப்பட்டன.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் பழைய வேர் உண்டு. இந்தியாவில் இணையம் முதலில் வந்தது கல்வி நிறுவனங்களின் வழியாக. 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் எட்டு நிறுவனங்கள் பங்கெடுத்தன; ஐஐடி மெட்ராஸ் அவற்றில் ஒன்று. இணைப்பை வெளியில் யாரிடமும் விலைக்கு வாங்க முடியாத காலத்தில், இந்தியப் பல்கலைக்கழகக்காரர்களே நெட்வொர்க்கைக் கட்டி, ஓட்டி, பழுது பார்த்தார்கள். பின்னாளில் சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதந்தோறும் ஐஐடி வளாகத்தில் கூடியது. பாடத்திட்டத்தில் இல்லாததைச் சனிக்கிழமைகளில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து சிஸ்டம் நிர்வாகிகளானவர்கள் அங்கே உண்டு. அந்தத் துணிவு இன்று கல்லூரிகளுக்கு உள்ளேயே வர வேண்டும்.

அதற்குப் பெரிய செலவில்லை. மாணவர் மன்றங்களின் வலைத்தளங்கள், லினக்ஸ் மென்பொருள்களின் உள்ளூர் நகல் சர்வர், விடுதியின் ஒரு தளத்து வைஃபை ஆகிய மூன்றையும் மூன்றாம் ஆண்டு மாணவர் குழுவிடம் ஒப்படைக்கலாம். சம்பளப் பட்டியலும் தேர்வு மதிப்பெண்ணும் அவற்றில் இல்லை. ஆனால் பயனர்கள் இருக்கிறார்கள், புகார் வரும். பருவத்துக்கு ஒரு முறை முன்னறிவிப்பின்றி ஒரு வன்தட்டை உருவி எடுத்துவிட்டு, பேக்கப்பிலிருந்து சேவையை மீட்கச் சொல்லலாம். அமெரிக்காவில் 2005 முதல் நடக்கும் கல்லூரிகளுக்கான இணையப் பாதுகாப்புப் போட்டியில் இதைவிடக் கடினமான சூழல் தருகிறார்கள். யாரோ ஓட்டிவந்த ஒரு சிறு நிறுவனத்தின் நெட்வொர்க் மாணவர் அணியின் கையில் வருகிறது. ஒரு பக்கம் அனுபவசாலிகள் தாக்குகிறார்கள், மறுபக்கம் நிர்வாகம் புதுப்புது வேலைகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, சேவை நின்றால் புள்ளி குறைகிறது.

தேர்வையும் மாற்ற வேண்டும். நெட்வொர்க்கின் ஏழு அடுக்குகளின் பெயரை எழுதச் சொல்லும் மூன்று மணி நேரத் தாள் இந்தத் திறமையை அளக்காது. ரெட்ஹேட் நிறுவனத்தின் சான்றிதழ்த் தேர்வு முழுக்க ஓடும் கணினியின் முன்னால் நடக்கிறது. செய்துவைத்த அமைவுகள் கணினியை மறுதொடக்கம் செய்த பிறகும் தாமாகவே நிலைத்திருந்தால்தான் மதிப்பெண். நம் பல்கலைக்கழகத் தேர்வும் அப்படி நடக்கலாம்: காலையில் மாணவருக்கு ஒரு மெய்நிகர் கணினி, அதில் பயனர் கணக்குகளும் ஃபயர்வாலும் வலைச் சேவையும் பேக்கப்பும் அமைக்க மூன்று மணி நேரம். மதியம் தேர்வாளர் அந்தக் கணினியை மறுதொடக்கம் செய்வார், தரவு இருக்கும் வட்டை அழிப்பார், மாணவர் எழுதிவைத்த குறிப்பை இன்னொரு மாணவர் கையில் கொடுத்து மீட்கச் சொல்வார். பாதி மதிப்பெண் அந்தக் குறிப்புக்கு.